வலது மணிக்கட்டில் ஒரு விரல்

இந்த ஊரில் நான் போகும் டாக்டர்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதில்லை. முழங்கைக்கு மேலே பட்டையைச் சுற்றிவிட்டு மெஷினைப் பார்க்கிறார்கள். கடல் தாண்டி ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு இது சொன்னால்தான் தெரியும். அங்கே நம் சின்சே, அதுதான் மருந்துக்கடைச் சீனர், இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். எங்கம்மா இறந்த வருஷம் எனக்கு விடாத இருமல். வலது கையில், கட்டைவிரலை ஒட்டி முதல் விரல் பட்ட இடத்தில் நிறுத்தினார். "தங்கச்சி, நீ அழுவ இல்ல. இங்க நிக்குது" என்றார். அது நுரையீரலின் இடமாம். துக்கம் தங்குவது அங்கேதானாம். பேரிக்காயைக் கற்கண்டு போட்டு அவித்துக் குடிக்கச் சொன்னார். குடித்தேன், அழுதேன், இருமல் போயிற்று.

என் வீட்டுக்காரர் போன பிறகு மகள் என்னை மயிலாப்பூருக்குக் கூட்டி வந்தாள். வந்த மாதமே இருமல் பிடித்தது. எனக்கு ஆச்சரியமில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் உடம்பை வாசிக்க எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் வேறெங்கே போய் உட்காருவார்? மகள்தான் கேட்கவில்லை. அடையாற்றில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விலா எலும்புகளுக்குள்ளே கறுப்பாய் இரண்டு பை. அதில் அவரைத் தேடினேன்.

"லங்ஸ் நல்லா இருக்கும்மா. ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?" என்றேன். நான் சந்தோஷப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

"துக்கம் அங்கதான் நிக்கும்னு எங்க சின்சே சொல்வாரு."

"இருக்கலாம்மா, அது எக்ஸ்ரேல வராது. பிரஷர் மாத்திரை எப்பலேர்ந்து?"

"இங்க வந்ததுலேர்ந்து."

"இருமலும் அப்பலேர்ந்துதானே? சிலருக்கு அந்த மாத்திரையே இருமலைக் கிளப்பும். மாத்தித் தரேன்."

புது மாத்திரையை நாலு நாள் தொடவில்லை, பழையதையே போட்டுக்கொண்டேன். இருமல் நின்றுவிட்டால், அவருக்காக நான் பட்டது துக்கமே இல்லை என்றாகிவிடுமே. வீட்டு வேலைக்கு வரும் செல்வி பிரிக்காத அட்டையைப் பார்த்துவிட்டாள். "இன்னா ஆயா, மாத்திரைய வெச்சி பூஜ பண்ணிக்கினு கீற? உன் பொண்ணாண்ட சொல்லட்டா?" அந்த மிரட்டலுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனாலும் சின்சேயை நினைத்தேன். இருமலைச் சேர்த்து வைத்துக்கொள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. அவர் போகவில்லை. டாக்டரம்மா பார்த்தது மார்புக்குள் இருக்கும் பையை. சின்சே சொன்னது மூச்சோடு சேர்ந்து உள்ளே வந்து போவதை. இருவரும் நுரையீரல் என்றுதான் சொன்னார்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்து நான்தான் அந்தக் கறுப்புப் படத்தில் அவரைத் தேடினேன்.

மாடவீதியில் பேரிக்காய் வாங்கி இன்றைக்கும் அவித்தேன். இங்கத்துக் காய் கெட்டி. நம்மூர்க் கடையில் விற்கும் சீனக் காய் மாதிரித் தண்ணீர் விடாது. "இருமல்தான் பூட்ச்சே, அப்பால இன்னாத்துக்கு இத்த வேக வெக்கிற?" என்றாள் செல்வி. அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். பிறகு வலது மணிக்கட்டில் நானே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு இப்போது தடையில்லாமல் உள்ளே போகிறது. போய், ஈப்போ வீட்டு வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் திரும்பி வருகிறது.