மாப்பிள்ளை கேலியும் தக்காவிக் கடனும்

என் வாயை வாடகைக்கு விட்டிருந்தால் நான் பணக்காரனாகியிருப்பேன். சும்மா திறந்துவிட்டதால் தங்கை வீட்டுக்காரரின் நிலம் போயிற்று.

மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றில் தண்ணீர் புரளப் போகிறது, இருபோகம் விளையப் போகிறது என்று சந்தையில் வெற்றிலைக்காரி வரைக்கும் பேசினாள். சுருளிப்பட்டியில் என் தங்கை மாப்பிள்ளையின் நிலமோ மேட்டுப் பூமி. எந்த ஆறு புரண்டாலும் வாய்க்கால் அங்கே ஏறாது. கிணறு ஒன்றுதான் வழி. தோண்டிய கிணறும் பாறை தட்டிப் பாதியில் நின்றது. வெடி வைக்கப் பணம் வேண்டும்.

கிணறு வெட்டச் சர்க்கார் அப்போது தக்காவிக் கடன் கொடுத்தது. வட்டி குறைவு. நிலவரியோடு சேர்த்து வருஷா வருஷம் கட்டித் தீர்க்கலாம். மாப்பிள்ளை மனுப் போட்டார். அவருக்கு முன்கடன் இருக்கக்கூடாது, சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். ஜாமீன் நான்தான். எனக்குக் காமயகவுண்டன்பட்டியில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அதைவிட அதிகமாக வாய் இருந்தது.

விசாரணைக்கு ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்று மேட்டில் கட்டில் போட்டு இளநீர் கொடுத்தோம். சுற்றிலும் ஊர் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் நாலு பேர் முன்னால் கேலி பேசாமல் இருந்தால், இரண்டு வீட்டுக்கும் சண்டை என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

"இவருக்கு வேறே கடன் உண்டா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"ஏன் இல்லாம? எனக்கே தரணும் எசமான்," என்றேன். "எந் தங்கச்சியக் கட்டயில எங்க வீட்டுல இருந்து ரெண்டு மாட்டப் பிடிச்சிட்டு வந்தாக. இன்னைக்கு வரைக்கும் சாணி கூடத் திரும்பி வரல."

மாடுகளைச் சீராகக் கொடுத்தது நாங்களேதான்.

"மச்சான், அந்த மாட்டுக்குத் தீனி போட்ட கணக்க எடுத்தா ஒங்க நஞ்சைய எனக்கு எழுதித் தரணும்!" என்றார் மாப்பிள்ளை.

"கேட்டீகளா எசமான், வாங்குனத ஒத்துக்கிட்டாக!"

ஊரே சிரித்தது. இன்ஸ்பெக்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கூத்தில் கோமாளி கெலித்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை படித்துக் காட்டினார்: மனுதாரருக்கு முன்கடன் உள்ளது, கடன் கொடுத்தவர் ஜாமீன்தாரரே, இருவரும் ஒப்புக்கொண்டார்கள், மனு தள்ளுபடி.

வண்டி கட்டிக்கொண்டு பெரியகுளம் தாலுகா கச்சேரிக்கு ஓடினேன். அது மச்சான் கேலி, கடனே கிடையாது என்று குமாஸ்தாவிடம் மன்றாடினேன்.

"அன்னைக்குச் சொன்னது வெளையாட்டா, இன்னைக்குச் சொல்றது வெளையாட்டா? நான் எத நம்ப?" என்றார் அவர். அடுத்த வருஷம் புது மனுப் போடச் சொன்னார்.

பயிர் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்காது. மாப்பிள்ளை கம்பத்து லேவாதேவிக்காரரிடம் போனார். அவர் ஜாமீன் கேட்கவில்லை, விசாரணை வைக்கவில்லை. நிலத்தை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கே பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்தச் சௌகரியத்துக்குத்தான் அந்தக் கொள்ளை வட்டி. பாறை உடைந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் தண்ணீரைவிட வட்டி வேகமாக ஊறியது.

என் நஞ்சையை விற்று அந்தக் கடனை அடைத்திருக்கலாம். நினைத்தேன். நினைத்ததோடு சரி. அணை முடியட்டும், நஞ்சை விலை ஏறும் என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டான். அவனும் நான்தான். ஆனால் அவன் கேலி பேசுகிறவன் இல்லை.

மூன்றாம் வருஷம் நிலத்தைக் கடனுக்கே கிரயம் எழுதிக் கொடுத்தார்கள். தங்கை என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, பத்திரத்துல சாட்சிக்கு ஒரு ஆளு வேணுமாம். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. அங்கன வந்து ஒன்னும் பேச வேணாம்."

போனேன். போட்டேன். வெளியே வந்ததும் மாப்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்துப் போங்க," என்றார். மச்சான் என்று சேர்த்துச் சொல்லவில்லை.