வழி கேட்காத வீரன்

மறுநாள் கல்லூரியில் எனக்குச் செமினார். தலைப்பு, பழங்கதைகளில் தேடல். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். வகுப்பிலும் முதல் மதிப்பெண் வாங்கியே தீருவதென்று இருந்தேன். உப்பளத்தில் வேலைக்கு நடுவே அம்மாவும் பெரியம்மாவும் சாப்பிட உட்கார்ந்ததும், செமினாரில் பேசப்போவதை அவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்ட கதையில், அரசனின் கண்நோய்க்கு மருந்துப் பூ தேடி ஒரு வீரன் ஏழு வருஷம் காட்டில் அலைகிறான்.

“ஏழு வருஷமா? வழியில ஒருத்தரையும் கேக்கலியாடி?” என்றாள் பெரியம்மா.

“கேட்டா அவன் என்ன வீரன், பெரிம்மா?”

அம்மா சோற்றை மென்றபடியே சிரித்தாள். “இவளும் வீரந்தான்க்கா. மொத நாளு பாண்டிச்சேரியில எறங்கி, காலேஜ் எங்கன்னு யாரையும் கேக்காம மத்தியானம் வரைக்கும் சுத்திக்கினு இருந்தா.”

எனக்குச் சுருக்கென்றது. படித்தவள் போய் வழி கேட்பதா என்று அன்று நான் நினைத்தது உண்மைதான்.

மறுநாள் மைக்கைப் பிடித்ததும், வழி கேட்க வெட்கப்பட்டுத்தான் வீரர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள் என்றேன். பேராசிரியர் எடுத்துக்காட்டு கேட்டார். என் முதல் நாளையே சொன்னேன். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். அந்த வருஷம் செமினாரில் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.