பெரியம்மா கூப்பிட்டது

காதுக்குள் எதையும் செருகாமல், கன்ன எலும்பின்மேல் ஒட்டி நின்று பாட்டைக் கேட்க வைக்கும் கருவியை மாட்டிக்கொண்டு கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் இளைஞர்கள் ஓடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் என்னை வளர்த்த பெரியப்பாவின் நினைவு வந்துவிடும். அப்படி ஒன்றை மாட்டிய அன்று அவர் ஓடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

சின்ன வயதிலிருந்தே சீழ் வடிந்து வடிந்து அவருக்கு இரண்டு காதும் மந்தம். லோரி ஓட்டிய காலத்தில், ஸ்டீயரிங் அதிர்வதை வைத்தே எஞ்சின் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு பேசுவார். வயதாக ஆக, பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காமல் போனது.

பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது பெரியப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அரை மணி நேரம் கூப்பிட்டிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்துதான் தூக்கினேன். கை முறிந்திருந்தது. பெரியம்மா ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை, பெரியப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அதன்பின் பெரியம்மா குளிக்கப் போனாலே, வெளியே நாற்காலி போட்டு, கதவில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் விழுவது கையில் தெரியுமாம்.

நான்தான் பிடிவாதமாக இருவரையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் அவர் தலையில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டி, அதிலிருந்த பொத்தான் போன்ற கருவியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார்.

“சத்தம் எலும்புல அதிர்ந்து உள்ள போகும் அங்கிள். ஆன்டி, நீங்க மெதுவா பேசுங்க. கத்த வேணாம் லா.”

பெரியம்மாவுக்கு மெதுவாகப் பேசுவதே மறந்து போயிருந்தது. “கேக்குதா?” என்று முனகினார்.

பெரியப்பாவின் முகம் மாறியது. “விழுந்த அன்னைக்கு என்னான்னு கூப்பிட்ட?” என்று கேட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். “என்னாங்க, என்னாங்கன்னுதான் கூப்பிட்டேன். நீங்க வரல. அப்புறம்...”

“அப்புறம்?”

கல்யாணமான நாளிலிருந்து பெரியம்மா புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. அரசாங்க அலுவலகத்தில் கேட்டால்கூட அவருடைய ஐசி அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். அன்று தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் முன்னால், அந்தப் பெயரைச் சொன்னார்.

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இதோ வரேன்” என்றார்.