கலீல் பாய்க்கு மட்டும் கேட்ட சத்தம்

“நாலு கிலோ நூறு,” என்றார் கலீல் பாய்.

பிரேக் இறுக்கிக்கொள்ள வந்த ஆள் விழித்தார். அவர் எதையும் கேட்கவில்லை.

“என் பேத்தி. நேத்து எடை போட்டாங்க. இந்த வெயிட்டுக்கு நூறு சிசி இஞ்சின் எப்டி தாங்கும், நீங்களே சொல்லுங்க.”

வந்தவர் சொல்வதற்குள் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து மெட்டில்டாவின் குரல் வந்தது. “பாய், அது கொழந்த. சிமெண்ட் மூட்டை இல்ல.”

சேலையூர் கேம்ப் ரோட்டில், இரண்டு பைக் நிறுத்தினால் மூன்றாவது ஆள் நிற்க இடமில்லாத அந்தக் கடையில் கலீல் பாய் முப்பத்தொரு வருஷமாக வண்டி பார்க்கிறார். ஏட்டுப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் காதால் படித்தது. வண்டியை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறக்கும்போது நோய் தெரிந்திருக்கும். பேத்திக்கு வயிற்றில் காற்று கட்டி அழுதபோதும் அதன் வயிற்றில் காதை வைத்து, “பெட்ரோல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு. தோள்ல போட்டுத் தட்டு, ஜெய்னப்,” என்றார். மனைவி தட்டினாள். ஏப்பம் வந்தது.

அவருக்கு இரண்டு பெருமைகள். பிரித்த வண்டியை மறுபடி பிரித்ததில்லை என்பது ஒன்று. “ஒரு தபா கை வெச்சா வெச்சதுதான்” என்பார். தன் கையால் புது பிஸ்டன் போட்ட வண்டி எதுவும் ஜாம் ஆகித் திரும்பி வந்ததில்லை என்பது இன்னொன்று. சாவியைக் கொடுக்கும்போது வாடிக்கையாளர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: “ஆயிரம் கிலோமீட்டரு ஆக்ஸிலேட்டர முறுக்காத. மாட்டு வண்டி கணக்கா போ. பிஸ்டன் செட் ஆவணும்.”

முதல் பெருமை இந்த மாதம் போய்விட்டது.

மகள் மெஹ்னாஸ் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் மருமகன் ஆசிப் தன் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியைக் கடையில் விட்டு, “பிளக் மட்டும் கிளீன் பண்ணிக் குடுங்க மாமா,” என்றான். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக், வீடு பெரும்பாக்கத்தில். போகிற போக்கில், “நாப்பது நாள் முடிஞ்சதும் இதுலயே மெஹ்னாஸையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போயிடறேன்,” என்றும் சொல்லிவைத்தான்.

பாய் பிளக்கைத் தொடவில்லை. இஞ்சினையே இறக்கிவிட்டார். மேடவாக்கம் பாலத்தில் கர்ப்பிணி மகளைச் சுமந்து அந்த வண்டி மூச்சு வாங்கியதைப் பின்னால் வந்து பார்த்தவர். இனி அதில் மூன்று பேர். நூறு சிசி சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, கடப்பேரியில் லேத் வைத்திருக்கும் துரைராஜிடம் உள்துளை கடைந்து வாங்கிய நூற்று முப்பத்தைந்து சிசி பிளாக்கையும், அதற்கேற்ற பிஸ்டனையும் மாட்டினார். கார்ப்ரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டை மாற்றினார். ஒரே உதையில் வண்டி எழுந்தது. குரலே கனமாகியிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக் என்று, பிளாக்குக்குள்ளே எங்கோ.

பிரித்தார். ரிங்கை மாற்றி மாட்டினார். மறுபடி டிக், டிக். மறுபடி பிரித்தார். கேஸ்கெட் புதிது போட்டார். பிள்ளை பிறந்த இருபத்தெட்டாம் நாள் மூன்றாவது தடவை பிரித்துப் பேப்பரில் வரிசையாகப் பரப்பியபோது, இனி மாற்ற எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் பூட்டி, துரைராஜை வரவழைத்தார். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார்.

“ஒரு சத்தமும் இல்ல பாய். வெண்ணெ மாதிரி ஓடுது.”

“நல்லா கேளு. கீது.”

“இருந்தா உன் காதுலதான் கீது. போய் டாக்டர்ட்ட காட்டு.”

காட்டினார். காது சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. காதும் சரி, வண்டியும் சரி என்றால் சத்தம் எங்கிருந்து வருகிறது? மெட்டில்டாவிடமே கேட்டார்.

“எனக்கு இன்னா பாய் தெரியும்? ஜெராக்ஸ் மிஷின்ல சத்தம் வந்தா நான் ஒரு அடி போடுவேன்,” என்றாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் சோப்புத் தூளும் சர்க்கரையும் போட்டு நாலு தடவை கை கழுவுவார். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். அதனால் பேத்தி சாஹிராவை உள்ளங்கையில் வாங்கமாட்டார். இரண்டு முன்னங்கைகளைச் சேர்த்து நீட்டி, கைவிரல்களை வெளியே விரித்துக்கொண்டு, தட்டில் தண்ணீர் கொண்டுபோகிற மாதிரி ஏந்தி நடப்பார். அந்த நேரத்தில் மட்டும் சத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார்.

முப்பத்தைந்தாம் நாள் ஜெய்னப் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “நீங்க வண்டிய முடிச்சாலும் முடிக்காட்டியும் புள்ள போவும். பச்ச ஒடம்போட பைக்ல ஏத்த வுட்டுடுவேனா? ஆசிப்கிட்ட டாக்ஸி சொல்லச் சொல்லிட்டேன்.”

கலீல் பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அப்ப அந்த டிக் டிக்கு?” என்றார்.

“அத உங்க வண்டிய கேளுங்க.”

இன்று நாற்பது. காலையில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி, மை வைத்து, துணி மூட்டைகளைக் கட்டி வைத்தாயிற்று. டாக்ஸி வீட்டு முன்னால் வந்து நின்றது. பாய் வாசலில் வண்டியை உதைத்தார். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். அணைத்துவிட்டு மறுபடி உதைத்துக் கேட்டார்.

“கேக்கல,” என்றார் மெல்ல. “நேத்து சாயங்காலம் கூட இருந்திச்சி. எங்க போச்சி?”

மெஹ்னாஸ் குழந்தையோடு டாக்ஸியில் ஏறிக்கொண்டாள். இத்தனை நாளாக இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வந்த ஆசிப் சிரித்தபடி கையை நீட்டினான். “போச்சில்ல மாமா, விடுங்க. சாவியக் குடுங்க. நான் வண்டியில பின்னாலயே போறேன்.”

பாய் சாவியைப் பார்த்தார். டாக்ஸி ஜன்னல் வழியே தெரிந்த சின்னப் பாதத்தைப் பார்த்தார். ஒரு கணம், எந்த நட்டை முதலில் கழற்றுவது என்று தெரியாத ஆளைப் போல நின்றார். பிறகு சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“புது பிஸ்டன், மாப்ள. ஆயிரம் கிலோமீட்டரு முறுக்கக் கூடாது. நீ ஆபீஸ் அவசரத்துல முறுக்கிடுவ. நானே ஓட்டி செட் பண்ணிக் குடுக்கறேன். இங்கேர்ந்து உன் வூட்டுக்குப் போக வர இருபத்தஞ்சு கிலோமீட்டரு ஆவுது. தெனம் ஒரு வாட்டி வந்தா நாப்பது நாளு. கொயந்த ஆறு மணிக்கு முழிச்சிக்கும், இல்ல? நான் ஆறேகாலுக்கு வந்துடறேன்.”