ஒட்டுப்போடாத சுவர்

காண்ட்ராக்டர் மணிராஜ் சுப்பா தன் சொந்த வீட்டுக்குப் பின்னால் கல்லும் சிமெண்டும் வைத்துத்தான் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறாராம். நேரில் பார்த்தவர் யாரும் லாமிகோலா பஜாரில் இல்லை. ஜீப் டிரைவர் ஒருவனுடைய மச்சான் பார்த்ததாகச் சொன்னதை, முட்டைக்காரன் சுக்மதி ராயின் மோமோ கடையில் முட்டையோடு சேர்த்து இறக்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து மாவு பிசையும்போது சுக்மதியின் கை இடையிடையே நின்றுபோகிறது. அவள் சமையலறைக்குப் பின்னால், இருபத்தைந்து அடி உயரத்தில், மேல் ரோட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பது சுப்பா கட்டிய சுவர். முகப்பில் சிமெண்ட் கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே இரண்டடிக்கு ஓர் அடுக்காகக் கறுப்பு வலை; வலை மேல் மண், மண் மேல் வலை. அவ்வளவுதான். அதற்கு மேல் சிலிகுரி லாரிகள் போகின்றன.

தினம் மூன்று மணிக்கு சுப்பா கடைக்கு வருவார். குடையைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டியிருப்பார். மழை பெய்தாலும் அதை எடுப்பதில்லை, தொப்பி நனைந்தால் காயும் என்பார். கேட்காமல் கொள்ளாமல் சமையலறை வழியாகப் பின்பக்கம் போய், பலாப்பழத்தைப் பார்ப்பதுபோல் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிறகு திரும்பி வந்து, யாராவது மாட்டினால் பிரசங்கம். மாட்டுகிறவர் பேங்க் குமாஸ்தாவாக இருக்கலாம், கால்நடை டாக்டராக இருக்கலாம், மழைக்கு ஒதுங்கிய லாமாவாகவும் இருக்கலாம்.

"மண்ணுக்கு முதுகெலும்பு கிடையாது. சொன்ன இடத்துல நிக்காது, சரிஞ்சு படுத்துக்கும். அதுக்கு எலும்பு வெச்சுக் குடுக்கிறவன் நான்."

கல் சுவர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் கோணும். கல் கட்டுகிறவர்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போனவர்கள், இன்னும் தகவல்தான் அவர்களுக்கு எட்டவில்லை என்பது அவர் கட்சி.

பஜார் அவரை வலை சுப்பா என்றே அழைக்கிறது. மீந்த வலையை அவர் வீணாக்குவதில்லை. கோழிக்கூண்டு, பூசணிப் பந்தல், ஏலக்காய் உலர்த்தும் பரண், ஆட்டுப்பட்டி எல்லாவற்றிலும் அவருடைய கறுப்பு வலை உண்டு. சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடிய வைக்கிற வெள்ளைக் கம்பளத்துணி, போன மாசியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்துவர விரிந்திருந்தது. இந்த ஊரில் மண் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சுப்பா பலப்படுத்திவிட்டார் என்று கால்நடை டாக்டர் சொல்வார், அவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

சுவரின் முதல் எட்டு அடுக்கும் இன்ஜினியர் நிம்கித் லெப்சாவின் கண் முன்னால் நடந்தவை. அந்தப் பெண் சுருளிலிருந்து வலையைப் பதினாறடித் துண்டுகளாக வெட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் முகப்பிலிருந்து மலையை நோக்கி உள்வாட்டில் போடவைத்து, இழுத்துப் பிடித்து முளையடித்த பிறகுதான் மண் கொட்ட விட்டாள். அறுத்து அறுத்து ஆட்களுக்குக் கை கொப்பளித்தது. சித்திரையில் தம்பி கல்யாணத்துக்காக அவள் ஒன்பது நாள் ஊருக்குப் போனாள். போன மறுநாள் காலை சுப்பா சுருளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுருள் ஐம்பது மீட்டர், சுவர் நாற்பத்தெட்டு. சுருளின் அகலம் பதினாறடி; உள்ளே போகவேண்டிய ஆழமும் பதினாறடி.

"பகவானே அளந்து அனுப்பியிருக்கார். இதைப் போய் வெட்டுவாங்களா?"

மூத்த கூலியாள் பிர்க்க தமாங், முந்தைய சுவரிலும் வெட்டித்தானே போட்டோம் என்று இழுத்தான். கத்திரி பிடிக்க நான் தையல்காரனா என்று கேட்டு சுப்பா அவன் வாயை அடைத்தார். சுவரின் இந்த முனையில் சுருளை வைத்து ஒரு தள்ளு. அந்த முனைவரை கல்யாணக் கம்பளம்போல் ஓடி விரிந்தது. ஒன்பது நாளில் ஐந்து அடுக்கு. கடைசி அடுக்கை மண் போட்டு மூடுமுன், வலையின் நடுவே இடுப்பில் கைவைத்து நின்று சுக்மதியைப் படமெடுக்கச் சொன்னார். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அவள் கடையிலேயே ஆணியடித்து மாட்டியதும் அவர்தான். சாப்பிட வருகிறவர்களுக்கு மோமோ வேகும்வரை அதைக் காட்டுவார்: ஒரே துண்டு, ஒட்டு இல்லை, அறுப்பு இல்லை. ஊரிலிருந்து திரும்பிய நிம்கித் வேகத்தைப் பார்த்து அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள். மண்ணுக்குள் போனதை யார் பார்ப்பது?

ஆனியில் மழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை, சமையலறைக் கூரைக்கும் மேலே ஓரிடத்தில் இரண்டு கட்டிகளுக்கு நடுவே செம்மண் தண்ணீர் கசிவதைச் சுக்மதி பார்த்தாள். ஏணி வைத்து ஏறிக் கரண்டிக் காம்பை விட்டாள்; நுனி நுழைந்தது. வியாழக்கிழமை அதே இடத்தில் கரண்டியே நுழைந்தது. சுப்பா அவளுக்கு அண்ணன் முறை, தாஜு. அவருக்கு அவள் தங்கை, பைனி. அந்த உரிமையில் நேராகவே கேட்டாள்.

"தாஜு, சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் இங்க இருக்கட்டுமா, போகட்டுமா?"

"சுவரு மூச்சு விடுது பைனி. கல்லுச் சுவரு விடாது, பொட்டுனு உடையும். இது உயிருள்ள சுவரு."

"மூச்சு விட்டா திரும்பி உள்ளயும் இழுக்கணுமே. இது வெளியவே விட்டுக்கிட்டு இருக்குது."

சுப்பா சட்னியில் உப்பு கம்மி என்றார். அது போதாதென்று, மோமோவின் தோல் தடித்துவிட்டது, கவலைப்படுகிற கைக்கு மாவு மெலியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். இருக்கலாமா, போகலாமா என்ற கேள்வி மேசைமேல் கிடந்தது. மகளுடைய படுக்கையை மட்டும் அன்று சுக்மதி கடையின் முன்பக்கம் கொண்டுவந்து போட்டாள்.

சனிக்கிழமை மேல் ரோட்டில் விரிசல் கண்டதாகக் கேள்விப்பட்டு நிம்கித் வந்தாள். மழைக்கு ஒதுங்கி முதல் தடவையாகச் சுக்மதியின் கடைக்குள் நுழைந்தாள். ஒரு தட்டு மோமோ சொன்னாள். தட்டு வந்தபோது அவள் நாற்காலியில் இல்லை. படத்துக்கு அருகில் நின்று, சுப்பாவின் காலடியில் வலை எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று விரலால் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

"இது எப்ப எடுத்தது தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

"நீங்க தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ."

நிம்கித் பின்பக்கம் போய்க் கோழிக்கூண்டின் கூரையிலிருந்து ஒரு முழம் வலையை அறுத்து வந்தாள். ஒரு முனையைச் சுக்மதியிடம் கொடுத்து நீளவாக்கில் இழுக்கச் சொன்னாள். இரண்டு பேரும் பெஞ்சில் காலை ஊன்றி இழுத்தார்கள். வலைக்கு ஒன்றும் ஆகவில்லை, சுக்மதியின் வளையல்தான் நசுங்கியது. பிறகு வலையைத் திருப்பிக் குறுக்குவாக்கில் கொடுத்தாள். ஒரே இழுப்பில் கணுக்கள் வரிசையாகப் பிய்ந்து, சுக்மதி தண்ணீர்க் குடத்தின்மேல் போய் உட்கார்ந்தாள்.

இந்த வலைக்கு ஒரு பக்கம்தான் பலம் என்று நிம்கித் சொன்னாள். அந்தப் பக்கம் மலைக்குள் போய் மண்ணைப் பிடித்திருக்கவேண்டும். சுப்பா அதை ரோட்டோடு சேர்த்துப் படுக்கவைத்துவிட்டார். மலைக்குள் போயிருப்பது இப்போது பிய்ந்த பக்கம், ஐந்து அடுக்கிலும். சொல்லி முடித்தபிறகும் கையில் இருந்த துண்டை அவள் கீழே வைக்கவில்லை.

"நான்தான் கையெழுத்துப் போட்டேன் தீதி. அஞ்சுக்கும்."

"அது கெடக்கட்டும். நான் இருக்கணுமா, போகணுமா?"

கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும், மேலிடத்துக்குச் சொல்லவேண்டும், அதுவரை பின்கட்டில் யாரும் படுக்கவேண்டாம் என்றாள் நிம்கித். சுக்மதி, அடுப்பும் பின்கட்டில்தானே இருக்கிறது என்றாள். நிம்கித் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு, லாரிகளை நிறுத்த மேல் ரோட்டுக்கு ஏறினாள். அவள் தட்டில் ஆறு மோமோவும் அப்படியே இருந்தன.

மூன்று மணிக்குச் சுப்பா வந்தார். கடையில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கப்படி படத்தைக் காட்டக் கையை நீட்டியவர், வெறும் ஆணியைக் காட்டி நின்றார். இன்ஜினியரம்மா கொண்டுபோனாள் என்று சுக்மதி சொன்னாள். வலையை நெடுக்கே இழுத்ததையும் குறுக்கே இழுத்ததையும் சொன்னாள். பிய்ந்த துண்டை எடுத்து அவர் முன் வைத்தாள். சுப்பா அதைக் கையில் எடுத்து, ஒரு பக்கம் இழுத்தார். மறுபக்கம் இழுத்தார். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற மனிதர் அந்த இரண்டு பக்கத்தையும் இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் இருந்தது. சாப்பிடுகிறவர்களில் ஒருவன், அப்போ எலும்பைக் குறுக்கால வெச்சுட்டீங்களா தாஜு என்றான். யாரும் சிரிக்கவில்லை, கேட்டவனும் சிரிக்கவில்லை.

அப்போது அவர் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நிம்கித்தின் பெயர்.

"எடுங்க," என்றாள் சுக்மதி.

எடுக்கவில்லை. சட்னிக் கிண்ணத்துக்கும் வினிகர் பாட்டிலுக்கும் நடுவே வைத்தார். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. சுப்பா காலரிலிருந்து குடையைக் கழற்றிப் பெஞ்சில் கிடத்திவிட்டுச் சமையலறைக்குள் போனார். சுவரைத் தொட்டுப் பார்க்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் பின்வாசல் பக்கம் திரும்பவே இல்லை. மோமோ வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தார். குனிந்து, சிலிண்டரின் குமிழைத் திருகி மூடி, ரப்பர் குழாயைப் பிடுங்கினார். பிறகு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல், சாப்பிடுகிறவர்களின் நடுவே நடந்து, மழையில் கடை முன்னால் உள்ள ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் இறக்கி வைத்தார். வைத்த கையோடு அரிசி மூட்டைக்காகத் திரும்பி வந்தார். மேசைமேல் போன் அடித்துக்கொண்டே இருந்தது.