தான்றியைச் சுற்றியவர்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் எனக்கு ஆறாது.

சாலைக் கடைத்தெருவில் அரிசி நிறுத்துப் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஓரத்துப் பொது வனத்துக்குப் போய்த் தண்ணீர் விடுவேன். குங்கிலியம், அசோகம் என்று அழிந்துவரும் நம் மலை மரங்களை அங்கே வளர்க்கிறார்கள். அந்தக் கன்றுகளுக்கு நிழல் வேண்டும் என்று முதல் வருஷமே ஒரு தான்றி மரத்தை நட்டு ஆளாக்கியவன் நான்.

வனக் கமிட்டிச் செயலாளர், ஓய்வுபெற்ற அதிகாரி, அதை வெட்டச் சொல்லிவிட்டார். தான்றி எங்கும் கிடைக்கிற மரமாம். அந்த இடத்தில் விருந்தினருக்கு மேடை வேண்டுமாம். வேண்டாம் சார் என்று முணுமுணுத்தேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

“உம்ம மரமும் உம்மை மாதிரிதான் வே. வளர்ந்ததைத் தவிர ஒண்ணும் செய்யல. வாயை மூடிட்டுத் தண்ணிய விடும்.”

மூடிக்கொண்டேன்.

திங்களன்று வெட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின காலை விருந்தினரைக் கூட்டி வந்த செயலாளர், காட்டு மாமரம் என்று சொல்லி ஒரு கொப்பை ஒடித்து முகர்ந்து காட்டினார். அது சேர் மரம். பால் பட்டால் தோல் வெந்து வீங்கும். ஹோஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவர் மனைவி அவரை ஆட்டோவில் கூட்டி வந்தார். முகம் பூசணியாக உப்பி, ஒரு கண் மூடியிருந்தது. சேர் பட்டவர் தான்றியைச் சுற்றி வந்து, சேர் செய்த கெடுதலை நீ தீர்த்துத் தா என்று கேட்பது இங்குள்ள வழக்கம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் அந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. எங்கும் கிடைக்கிற மரம் அன்று அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

அவர் உதட்டுக்குள் முனகிக்கொண்டே சுற்றினார்.

“சத்தமாச் சொல்லணும் சார். மரத்துக்குக் கேக்கல” என்றேன்.

ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தார். “சொல்லுங்களேன், சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?” என்றார் மனைவி.

சொன்னார். தீர்த்துத் தா என்று, நான் வளர்த்த மரத்திடம், உரக்கக் கெஞ்சினார். மூன்று சுற்றுப் போதும் என்பார்கள். நான் ஏழு என்றேன். அப்போதுதான் தண்ணீர் விட்டு முடித்திருந்ததால் ஏழும் சகதியில். அந்த இனிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலை மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்தார். செயலாளருக்கு வீக்கம் வடியவில்லை. போன் செய்து, வெட்ட வேண்டாம் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.