மச்சான் சுரண்டிய மரம்

பொங்கலுக்கு முதல் நாள் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருகிறேன்... முற்றத்தில் என் மனைவி காமாட்சி சிலை மாதிரி நிற்கிறாள். எதிரே அவளுடைய அண்ணன். கையில் கத்தி, முகத்தில் பெருமை.

மச்சான் திருச்சியிலிருந்து புறப்பட்டு, கப்பல், ரயில், மாட்டு வண்டி எல்லாம் ஏறி இலங்கையில் எங்கள் பதுளைக்கு வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தங்கையைப் பார்க்க இதுதான் முதல் தடவை. வந்த மனிதர் சும்மா இருப்பாரா? பொங்கலாயிற்றே என்று சுவருக்கு வெள்ளையடித்தார். மிச்சச் சுண்ணாம்பை மரத்துக்கு அடித்துவிட்டார்.

எந்த மரத்துக்கு? காமாட்சியின் மரப்பெரணிக்கு, அதுதான் மரம் போல உயர்ந்து வளரும் பெரணிச் செடிக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், பேச்சுத்துணை இல்லாமல் தவித்தபோது, பக்கத்திலுள்ள எல்ல என்ற ஊரின் ஓடையோரத்திலிருந்து சின்னக் கன்றாகக் கொண்டுவந்து வளர்த்தது. இப்போது கூரைக்கு மேலே நிற்கிறது. அடிமரம் முழுக்கத் தேங்காய் நார் மாதிரி பழுப்பாக மொத்தையாக இருக்கும். மச்சான் அதை வழவழவென்று சுரண்டி, கோயில் சுவர் போல வெள்ளையும் காவியும் பட்டை தீட்டியிருந்தார்.

"அழுக்கா இருந்துச்சும்மா... நாள் கிழமையில நல்லா இருக்கட்டும்னு..."

"அது அழுக்கு இல்லண்ணே. வேரு. அதாலதான் அது தண்ணி குடிக்கும்."

அதோடு பேச்சு நின்றது. பொங்கல் பானையில் மட்டும்தான் பொங்கியது. மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. மச்சான் ஊர் திரும்பும் நாளும் நெருங்கியது. இப்படியே போய்விட்டால்? மறுபடி எப்போது கடல் தாண்டி வருவார்?

மச்சான் போகவில்லை. சுண்ணாம்பைக் கழுவினார். அடிமரத்தைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினார். காலையிலும் மாலையிலும் ஏணியில் ஏறி, பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்வது போல உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்றினார். காமாட்சி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு ஒருநாள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் உச்சியில் ஒரு குருத்து எட்டிப் பார்த்தது – ஆட்டுக்கடா கொம்பு மாதிரி சுருண்டுகொண்டு. மச்சான் ஏணியிலேயே அழுதுவிட்டார். கீழே இவளும்தான்.

நீங்களே சொல்லுங்கள்... விருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் அண்ணன் யாருக்கும் கிடைப்பார். தப்பைச் செய்துவிட்டு, உட்கார்ந்து அதைச் சரிசெய்யும் அண்ணன்? என் மனைவிக்குக் கிடைத்திருக்கிறார். அந்த மரத்துக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நேற்று மச்சான் பயணப் பேச்சை எடுத்தார்.

"குருத்து முழுசா விரியட்டும்ணே. அப்புறம் போகலாம்" என்றாள் காமாட்சி.

குருத்து எப்போதோ விரிந்துவிட்டது. மூவருக்கும் தெரியும்... யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை!